ஒரு கேபிள் அறுந்தால் பதினொரு பதிவா, ஒரு பதிவா? சேவைத் தடங்கல்களை வகைப்படுத்துவது பற்றி ஒரு கேள்வி

வட்டக்கச்சி உதவிமேசை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கிளிநொச்சியில் தலைமை அலுவலகத்தைக் கொண்ட ஒரு சிறிய நிதிச்சேவை நிறுவனத்தில் தகவல் தொழில்நுட்ப உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். மாங்குளம், மல்லாவி, ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு உட்பட எட்டுக் கிளைகளையும் நானும் இன்னொரு தம்பியுமாக இரண்டு பேர்தான் பார்த்துக்கொள்கிறோம். வருகிற முறைப்பாடுகளை முதலில் ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதுவோம், கிழமை முடிவில் எக்செல் தாளில் ஏற்றுவோம். போன மாதம் பணிப்பாளர் சபை, எந்த வகைத் தடங்கல்கள் எத்தனை ஏற்பட்டன, அவற்றால் எவ்வளவு நேரம் இழந்தோம் என்று எழுத்தில் கேட்டிருந்தது. தாளைத் திறந்து பார்த்தபோது, இருநூற்றுச் சொச்சம் வரிகளில் பாதிக்கு மேல் "சிஸ்டம் வேலை செய்யவில்லை" என்று தொடங்கி "சரி செய்யப்பட்டது" என்று முடிந்திருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு எந்தக் கேள்விக்கும் பதில் எழுத முடியவில்லை.

முதலாவது குழப்பம் எண்ணிக்கை பற்றியது. வீதி வேலைக்கு மண் தோண்ட நின்ற பெக்கோ இயந்திரம் ஒன்று ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் பிரதான இணைப்பின் ஃபைபர் கேபிளை இழுத்து அறுத்துவிட்டது. அரை மணித்தியாலத்துக்குள் கிளைகளிலிருந்து பதினொரு அழைப்புகள் வந்தன. தம்பி பதினொன்றையும் தனித்தனியே எழுதினார். நானாக இருந்தால் ஒரு வரியோடு முடித்திருப்பேன். மாத அறிக்கையில் எதைச் சொல்வது?

இரண்டாவது குழப்பம் வகை. எங்கள் தாளில் வன்பொருள், மென்பொருள், வலையமைப்பு, மின்சாரம், ஏனையவை என்று ஐந்து வகைகள் உள்ளன. "நெட் இல்லை" என்று அழைத்தால் வலையமைப்பு என்று போடுகிறேன். போய்ப் பார்த்தால் ரவுட்டரின் அடப்டர் கருகி மணக்கும்; வன்பொருள் என்று மாற்றுகிறேன். அது முதல்நாள் பின்னேரம் அடித்த இடியால் வந்தது என்று தெரிந்ததும் மின்சாரம் என்று இன்னொரு தடவை மாற்றுகிறேன். ஒருமுறை சுவிச்சின் மின்பெட்டிக்குள் பல்லி ஒன்று செத்து ஒட்டிக் கிடந்தது. எதில் சேர்ப்பது என்று தெரியாமல் ஏனையவையில் போட்டேன். இப்படியே போட்டுப் போட்டு, இன்று ஏனையவைதான் எல்லா வகைகளிலும் பெரியது.

மூன்றாவது, முன்னுரிமை. யார் உரத்துக் கதைக்கிறாரோ அவருடைய வேலையே முதலில் நடக்கிறது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். இவற்றைச் செய்து பழகியவர்கள் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

முறிகண்டி வழிப்போக்கன் (பதில்)

வணக்கம் தங்கச்சி. நான் வவுனியாவில் இதே வேலையைப் பல வருடங்களாகச் செய்கிறேன். உங்கள் ஏனையவைப் பெட்டியைப் போல ஒன்று என்னிடமும் இருந்தது. உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் மற்ற இரண்டும் அதிலிருந்துதான் முளைக்கின்றன. பயனர் எதை இழந்தார் என்பதையும் அது ஏன் நடந்தது என்பதையும் நீங்கள் ஒரே கட்டத்துக்குள் எழுதப் பார்க்கிறீர்கள். அழைப்பு வரும் நேரத்தில் முதலாவது மட்டுமே உங்களுக்குத் தெரியும். இரண்டாவது, வேலை முடிந்த பிறகே தெரியவரும். சில வேளைகளில் தெரியாமலே போய்விடும்.

பிரித்தானிய அரசின் கணினி முகவரகம் 1980களின் பிற்பகுதியில் தொகுக்கத் தொடங்கிய, தகவல் தொழில்நுட்பச் சேவைகளை நடத்துவதற்கான ஐட்டில் (ITIL) என்ற நடைமுறைத் தொகுப்பு, 2019இல் வெளிவந்த அதன் நான்காம் பதிப்பில், சேவை ஒன்று திட்டமிடாமல் துண்டிக்கப்படுவதையோ அதன் தரம் குறைவதையோதான் தடங்கல் என்கிறது. கவனித்தீர்களென்றால் அந்த வரையறையில் ரவுட்டரும் இல்லை, அடப்டரும் இல்லை. சேவை மட்டுமே இருக்கிறது. ஆகவே பதிவைத் திறக்கும்போது இடும் வகை, "மல்லாவிக் கிளையில் அடகுப் பிரிவு பிரதான மென்பொருளை அணுக முடியவில்லை" என்பதைப் போல, இழந்த சேவையின் பெயராக இருக்க வேண்டும். அடப்டர், இடி, பல்லி ஆகிய மூன்றும் பதிவை மூடும்போது இடும் காரணக் குறியீட்டுக்கு உரியவை. திறக்கும்போது இட்ட வகையை ஒருபோதும் அழித்து எழுதாதீர்கள். இரண்டு நிரல்களும் அருகருகே இருந்தால்தான், "இணைப்பு இல்லை" என்று வந்த நாற்பது அழைப்புகளில் உண்மையில் இணைப்புப் பழுதானவை எத்தனை, அடப்டர் எரிந்தவை எத்தனை என்று சபைக்குச் சொல்ல முடியும்.

பழைய பதிப்பில் இன்னொரு வாசகம் இருந்தது. ஒன்றின் பிரதியாக மற்றொன்று ஓடும் இரண்டு வன்தட்டுகளில் ஒன்று செயலிழந்தால், பயனர் எவரும் எதையும் உணராவிட்டாலும் அதையும் தடங்கலாகப் பதியுமாறு அது சொன்னது. நான் இன்றுவரை அந்த வழக்கத்தையே பின்பற்றுகிறேன். ஒருவரும் அழைக்கவில்லை என்பதற்காகப் பதியாமல் விட்டால், மற்றத் தட்டும் போகும் நாளில் அது முன்னறிவிப்பு இல்லாமல் வந்த விபத்தைப் போலத் தோற்றமளிக்கும்.

எண்ணிக்கைக்கு வருகிறேன். தம்பி எழுதியதும் சரி, நீங்கள் நினைத்ததும் சரி. பதினொரு அழைப்புகளையும் பதியுங்கள், ஆனால் அவற்றுக்கு மேலே ஒரு தாய்ப்பதிவைத் திறந்து, பதினொன்றையும் அதன் பிள்ளைகளாக இணையுங்கள். கேபிள் ஒட்டப்பட்டதும் தாய்ப்பதிவை மூடினால் பிள்ளைகளும் மூடப்படும். "ஒரு தடங்கல், எட்டுக் கிளைகள், பதினொரு அழைப்புகள்" என்று அறிக்கையில் எழுதலாம். அழைப்புகளை முழுதாகத் தூக்கி எறிந்துவிட்டால், அன்று காலை இரண்டு பேர் எவ்வளவு நேரம் தொலைபேசியிலேயே நின்றீர்கள் என்பதற்குச் சான்று இல்லாமல் போய்விடும். மூன்றாவது ஆளைக் கேட்கும்போது அந்தச் சான்று தேவைப்படும்.

முன்னுரிமைக்குத் தாக்கம், அவசரம் என்ற இரண்டு அளவுகளையும் சேர்த்துப் பார்ப்பதே வழக்கம். எத்தனை பேர், எத்தனை கிளைகள் பாதிக்கப்பட்டன என்பது தாக்கம். எவ்வளவு நேரம் பொறுக்கலாம் என்பது அவசரம். இதில் நம் ஊருக்கென்று ஒரு கணக்கு உண்டு. காலபோக விதைப்புக்கு முன்னால், உழவுக்கும் விதைநெல்லுக்கும் காசு வேண்டி நகையோடு வரும் சனம் காலை எட்டு மணிக்கே வாசலில் நிற்கும். அந்த நாட்களில் ஒரேயொரு அடகுக் கவுண்டர் நின்றாலும் அவசரம் உச்சம். அதே கவுண்டர் அறுவடை முடிந்து நகை மீட்கும் நாட்களிலும் அப்படித்தான். இடைப்பட்ட மாதங்களில் அது பின்னேரம் வரை பொறுக்கும். முகாமையாளரின் அறைப் பிறிண்டர் எந்தப் போகத்திலும் பொறுக்கும். இதைப் பணிப்பாளர் சபையின் ஒப்புதலோடு ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். உரத்துக் கதைப்பவருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை, தாள் சொல்லும்.

கடவுச்சொல் மறந்தது, புதிய கணக்குத் திறப்பது, பிறிண்டர் கேட்பது ஆகியவை தடங்கல்களே அல்ல. அவை சேவை வேண்டுகோள்கள். வேறு தாளுக்குப் போகட்டும். இப்படியான பதிவுகளை வைத்திருக்க ஜி.எல்.பி.ஐ. (GLPI) என்ற திறந்த மூல மென்பொருளை இலவசமாக நிறுவிக்கொள்ளலாம். அது ரிக்கெற் எனப்படும் ஒவ்வொரு பதிவையும் தடங்கலா வேண்டுகோளா என்று முதலிலேயே பிரிக்கும், தாக்கத்தையும் அவசரத்தையும் கொடுத்தால் முன்னுரிமையைத் தானே கணிக்கும். காரணக் குறியீடுகளைப் பன்னிரண்டு அளவில் வைத்துத் தொடங்கி, மூன்று மாதம் பரீட்சித்து, பிறகு திருத்துங்கள்.

மல்லாவி வயரிங்காரன் (பதில்)

மேலே உள்ள பதிலில் பெரும்பாலானவற்றுடன் உடன்படுகிறேன், பன்னிரண்டு குறியீடுகள் என்பதைத் தவிர. நான் கிளை கிளையாக மோட்டார் சைக்கிளில் போய்த் திருத்துபவன். வெயிலில் நாற்பது கிலோமீற்றர் ஓடி வந்தவன் பன்னிரண்டில் ஒன்றைத் தேட மாட்டான். பட்டியலில் முதலில் இருப்பதை அழுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவான். நான் முன்னர் வேலை செய்த இடத்தில் குறியீடுகள் அகரவரிசையில் இருந்தன, அதனால் அந்த வருடம் முழுவதும் எங்களுக்கு "அடப்டர் பழுது" அதிகமாக இருந்தது! ஐந்து அல்லது ஆறு போதும்: வெளி மின்வழங்கல், உள் மின்வழங்கல், வெளி இணைப்பு, உள் வலையமைப்பும் கருவிகளும், மென்பொருள், எங்களுடைய சொந்த மாற்றத்தால் வந்தது. கடைசியாகச் சொன்னதை மறக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை பின்னேரம் நாங்களே ஏற்றிய புதுப்பிப்பால் திங்கட்கிழமை காலையில் விழுந்தவற்றை மென்பொருள் என்ற பெயருக்குள் ஒளித்து வைப்பதைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன்.

கிளை உத்தியோகத்தரிடம் வகையைக் கேட்கவே வேண்டாம். அவருக்குத் தெரிந்ததை மட்டும் கேளுங்கள்: உங்களுக்கு மட்டுமா, பக்கத்து மேசைக்கும் இல்லையா, கடைசியாக எத்தனை மணிக்கு வேலை செய்தது, ரவுட்டரில் எந்த விளக்கு எரிகிறது, என்ன நிறம். "சிவப்பு விளக்கு, 2.20க்கு நின்றது, மூன்று மேசைக்கும் இல்லை" என்று அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி வையுங்கள். வாட்ஸ்அப் குரல்பதிவாக வந்தாலும் அதைக் கேட்டு எழுத்தில் ஏற்றுங்கள், குரல்பதிவை எவரும் பிறகு தேடிக் கேட்க மாட்டார்கள்.

மேலும் ஒன்று. ரிக்கெற் மென்பொருள் வந்தாலும் சி.ஆர். கொப்பியைக் கைவிட வேண்டாம். இணைப்பு அறுந்த கிளையிலிருந்து இணைப்பு அறுந்துவிட்டது என்று இணையத்தில் பதிய முடியாது.

வட்டக்கச்சி உதவிமேசை (தொடர்ச்சி)

இருவருக்கும் நன்றி. நீங்கள் சொன்ன முறையில் பழைய தாளைத் திருப்பி எழுதிப் பார்க்கலாம் என்று மல்லாவிக் கிளையை எடுத்தேன். பெப்ரவரியிலிருந்து அங்கே ஏழு தடவை "ரவுட்டர் பழுது" என்று எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் தொலைபேசியில் "அணைத்துப் போடுங்கள்" என்று சொல்லிச் சரி செய்யப்பட்டது என்று மூடியிருக்கிறேன். இடையில் ஒருமுறை ரவுட்டரையே புதிதாக மாற்றினோம், அதன் பிறகும் இரண்டு வந்தன. காரணத்தை அழித்துவிட்டு, கொப்பியின் ஓரத்தில் தம்பி குறித்து வைத்திருந்த நேரங்களை மட்டும் அடுக்கினேன். ஏழும் பிற்பகல் 2.00 மணிக்கும் 3.30க்கும் இடையில். ஞாயிற்றுக்கிழமையில் நடந்திருந்தால் எங்களுக்குத் தெரிந்திராது, ஆகவே கிழமைநாளைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியவில்லை, ஆனால் மணி நன்றாகத் தெரிந்தது.

கிளைக்கு அழைத்து அந்த நேரத்தில் பக்கத்தில் என்ன நடக்கும் என்று கேட்டேன். காசாளர் அக்கா யோசிக்கக்கூட இல்லை. "மில் தொடங்கும், இஞ்ச லைற் ஒருக்கா மங்கி எழும்பும்" என்றார். அறுவடைக் காலத்தில் பக்கத்து அரிசி ஆலையின் பெரிய மோட்டார் பிற்பகலில் ஓடத் தொடங்கும்போது மின்னழுத்தம் ஒரு கணம் விழுகிறது, கணினிகள் யூ.பி.எஸ். தயவில் தப்ப, ரவுட்டர் உறைந்துபோகிறது. அப்படியானால் ரவுட்டர் யூ.பி.எஸ்ஸில் இல்லையா என்று கேட்டு ஒரு படம் அனுப்பச் சொன்னேன். ரவுட்டரின் வயர் சுவர்ப் பிளக்கில் இருந்தது. யூ.பி.எஸ்ஸில் அதற்கென ஒதுக்கிய துவாரத்தில் தேநீர்க் கேத்திலின் வயர் செருகியிருந்தது.

இப்போது ஒரு புதுக் கேள்வி. ஏழு பதிவுகளும் மூடப்பட்டவை. இந்தக் கண்டுபிடிப்பை எங்கே எழுதுவது? அத்துடன், முன்னறிவித்த மின்வெட்டு நேரத்தில் கிளை நின்றால் அது தடங்கலா? 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது நாங்கள் எதையுமே பதியவில்லை.

பதிவேட்டுக்காரி (பதில்)

நான் உள்ளகக் கணக்காய்வில் இருப்பவள். உங்களைப் போன்றவர்களின் தாள்களை வாசித்துக் கண் கெட்டவள் என்றும் சொல்லலாம். முதலில் கேத்திலுக்கு ஒரு பதிலைச் சொல்லிவிடுகிறேன். மூடிய ஏழையும் மீளத் திறக்க வேண்டாம். ஒரே காரணத்தால் திரும்பத் திரும்ப வரும் தடங்கல்களுக்குப் பின்னால் இருப்பதைப் பிரச்சினை என்ற தனிப் பதிவாகத் திறந்து, ஏழையும் அதனுடன் இணைக்க வேண்டும். தடங்கல் பதிவின் வேலை சேவையை மீட்பதோடு முடிகிறது. "அணைத்துப் போடுங்கள்" என்று சொல்லி ஐந்து நிமிடத்தில் மீட்டது தவறே அல்ல. அந்த ஐந்து நிமிடம் ஏழு தடவை ஏன் வந்தது என்ற கேள்விக்குப் பிரச்சினைப் பதிவே பொறுப்பு. காரணம் தெரிந்து, நிரந்தரத் தீர்வு இன்னும் வராத நிலையை அறியப்பட்ட வழு என்று குறித்து, தற்காலிகமாக என்ன செய்யலாம் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். நீங்கள் விடுமுறையில் நிற்கும் நாளில் தம்பி அதைப் பார்த்துச் செய்வார்.

முன்னறிவித்த மின்வெட்டைப் பற்றி. வரையறையில் உள்ள "திட்டமிடாமல்" என்ற சொல் யாருடைய திட்டத்தைக் குறிக்கிறது என்று பார்க்க வேண்டும். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றதை எல்லோரும் அறிவோம். பாணந்துறையில் உள்ள உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டதே காரணம் என்று அறிவிக்கப்பட்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை. உங்கள் கிளைகள் மூடியிருந்திருக்கும், ஆகவே நாடே இருண்ட அந்த நாளில் உங்கள் சேவை நேரத்தில் இழப்பு எதுவும் இல்லை. நுரைச்சோலை அனல்மின் நிலையம் விழுந்ததால் அடுத்த இரண்டு நாட்களும் சுழற்சி முறையில் ஒன்றரை மணித்தியால மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. அது மின்வழங்குபவரின் திட்டம், உங்களுடைய திட்டமன்று. மின்வெட்டு நேரத்திலும் மின்பிறப்பாக்கியில் கவுண்டர் ஓடும் என்று நீங்கள் கிளைகளுக்கு ஒப்புக்கொண்டிருந்தால், மின்பிறப்பாக்கி இயங்காமல் நின்ற ஒவ்வொரு நிமிடமும் தடங்கலே. காரணக் குறியீடு உள் மின்வழங்கல். அப்படி ஒப்புக்கொள்ளவில்லை என்றால், கிளை மூடப்பட்ட நேரம் என்று தனியே குறித்துவிட்டு நகரலாம். எந்த நிலையிலும் குறியீட்டுப் பட்டியலில் குரங்குக்கு இடம் தர வேண்டாம். உங்கள் பல்லிக்கும் அப்படியே. விவரத்தில் எழுதுங்கள், வாசிப்பவர்களுக்கும் பொழுது போகும்.

நேரத்தைப் பற்றி ஒருவரும் போதியளவு சொல்லவில்லை, எனக்கோ அதுவே பெரிய தலையிடி. நின்றது எப்போது, உங்களுக்கு அறிவித்தது எப்போது, மீண்டது எப்போது, பதிவை மூடியது எப்போது என்பவை நான்கு வெவ்வேறு நேரங்கள். பெரும்பாலான தாள்களில் இரண்டுதான் இருக்கும், அந்த இரண்டும் கிழமை முடிவில் எக்செல்லில் ஏற்றிய நேரமாக இருக்கும். இரவு ஏழு மணிக்கு இடி விழுந்து ரவுட்டர் செத்து, காலை 8.30க்குக் கிளை திறந்தபோது தெரியவந்து, 10.00 மணிக்கு மாற்றினால், பயனர் இழந்தது ஒன்றரை மணித்தியாலம். கருவி செத்துக் கிடந்தது பதினைந்து மணித்தியாலம். சபைக்கு முதலாவதைச் சொல்லுங்கள், கருவியின் வரலாற்றில் இரண்டாவதை எழுதுங்கள். வீதக் கணக்கிலும் இதே வேறுபாடு வரும். 99.5 வீதம் சேவை இருக்கும் என்று ஒப்புக்கொண்டால், முப்பது நாள் மாதத்தைக் கடிகாரப்படி எண்ணும்போது 3 மணித்தியாலமும் 36 நிமிடமும் விழலாம். ஒரு நாளைக்கு ஏழரை மணித்தியாலம் வீதம் 22 வேலைநாட்களை மட்டும் எண்ணினால் ஐம்பது நிமிடத்துக்குக்கூட இடமில்லை. எதை எண்ணுகிறீர்கள் என்பதை எழுதாமல் வீதத்தை மட்டும் எழுதிய அறிக்கைகளை நான் திருப்பி அனுப்புவதுண்டு.

சேவை முகாமைத்துவத்துக்கான சர்வதேசத் தரநியமமான ஐ.எஸ்.ஓ. 20000இன் 2018 பதிப்பு, தடங்கல்கள் பதியப்பட்டு வகைப்படுத்தப்பட வேண்டும், தாக்கத்தையும் அவசரத்தையும் கருதி முன்னுரிமை பெற வேண்டும் என்று கேட்பதோடு, பெருந்தடங்கல் எது என்பதை முன்கூட்டியே வரையறுத்து, அது நேரும்போது உயர் முகாமைத்துவத்துக்குத் தகவல் தெரிவிக்கவும் கேட்கிறது. உங்கள் பெக்கோத் திங்கட்கிழமை அதற்கு நல்ல மாதிரி. "மூன்று கிளைகளுக்கு மேல், முப்பது நிமிடத்துக்கு மேல்" என்பது போன்ற ஒரு கோட்டை அமைதியான ஒரு நாளில் போட்டு வையுங்கள். கேபிள் அறுந்த காலையில் அதைப் பற்றி விவாதிக்க எவருக்கும் நேரம் இராது.

கடைசியாக ஒரு கண்டிப்பு. ஒரு நிறுவனத்தின் தாளில் "கடவுச்சொல் இன்னதென மாற்றப்பட்டது" என்று அந்தச் சொல்லையே எழுதியிருந்ததை என் கண்ணால் கண்டேன்; அடுத்த வரியில் வாடிக்கையாளரின் அடையாள அட்டை இலக்கமும் அடகு வைத்த பவுண் எண்ணிக்கையும் இருந்தன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிற நாட்டில் இருக்கிறோம். கொடுக்கல் வாங்கல் இலக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முறிகண்டி வழிப்போக்கன் (பதில்)

வயரிங்காரத் தம்பியின் ஆறு குறியீடுகளை ஏற்றுக்கொள்கிறேன். என் பன்னிரண்டில் ஐந்துக்கு இரண்டு வருடமாக ஒரு பதிவுகூட விழவில்லை என்பதை இன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தேன். மீளத் திறப்பது பற்றி மட்டும் ஒரு சிறு திருத்தம். சேவை மீண்டதாகப் பயனரே ஒப்புக்கொண்ட பிறகு மூடியதை மீளத் திறக்கத் தேவையில்லை. அவரைக் கேட்காமல் நாங்களே மூடியது அடுத்த நாளே திரும்ப வந்தால், அதைப் புதிய தடங்கலாக எழுதுவது கணக்கை அழகுபடுத்தும் வேலை. அதை மீளத் திறக்க வேண்டும்.

வட்டக்கச்சி உதவிமேசை (தொடர்ச்சி)

அனைவருக்கும் நன்றி. இன்று மல்லாவிக்குப் போய் வந்தேன். கேத்திலைச் சுவர்ப் பிளக்குக்கு மாற்றி, ரவுட்டரை யூ.பி.எஸ்ஸில் செருகி, துவாரத்தின் மேல் பிளாஸ்டர் ஒட்டி "ரவுட்டர் மட்டும்" என்று எழுதியாயிற்று. நான் நின்றபோது 2.15க்கு மில் தொடங்கியது; விளக்கு மங்கி எழும்பியது, ரவுட்டரின் பச்சை விளக்கு அசையவில்லை. ஆனால் யூ.பி.எஸ். பற்றரி நாலு நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை. புதிய பற்றரியை வேண்டுகோள் தாளில் பதிந்து கணக்காளருக்கு அனுப்பியுள்ளேன். பிரச்சினைப் பதிவை மூடவில்லை. அடுத்த அறுவடைக்கு மில் முழு வேகத்தில் ஓடும் வரை அது திறந்தே இருக்கட்டும் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.